சிந்து முகத்துக்கு ஆகாதது

அக்டோபர் 6, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால எழுதுறேன். இல்லாட்டி ஐம்பது வயசுக்கு மேல எனக்கு எதுக்கு டைரி? மில்லுக்கு ஜனவரியில ஓசியா வந்தது இது. என் வீட்டுக்காரர் விருதுநகர்ல எண்ணெய் மில் வச்சிருக்கார். வருசம் பிறந்தா யாராவது பை, காலண்டர், டைரின்னு குடுத்துக்கிட்டே இருப்பாங்க. தையல் மிசின் டிராயர்ல கிடந்ததைத் தூசி தட்டி எடுத்தேன். முன்பக்கமெல்லாம் வெறுசாக் கிடக்கு.

எழுதச் சொன்னது என்னை இல்லை, சிந்துஜாவை. என் மக. தினமும் என்ன சாப்பிடுற, முகம் எப்படி இருக்கு, ரெண்டையும் எழுதி ஒரு மாசம் கழிச்சுக் கொண்டுவாங்கன்னு டாக்டர் சொல்லுச்சு. சமைக்கிறது நான், போடுறது நான், அவ என்னத்தை எழுதப்போறா? நானே எழுதுறேன்னு வாங்கிக்கிட்டேன்.

டாக்டருக்கு சிந்து வயசுதான் இருக்கும். விளக்கைப் போட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. என்ன சாப்பிடுவான்னு கேட்டதும் நான் சொல்ல ஆரம்பிச்சேன். அவங்களே சொல்லட்டும்மான்னு என் வாயை அடைச்சிருச்சு. சாப்பாட்டால மட்டும் பரு வராதாம். உடம்புல சுரக்கிற சுரப்பு, பரம்பரை, எல்லாம் சேர்ந்து வருதாம். சிலருக்கு மட்டும் இனிப்பு, மைதா, பால், பால் பவுடர் கலந்த சத்துமாவு, இதுகளால கூடுமாம். எண்ணெய்தானே காரணம்னு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதாம். பிறகு, வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சான்னு கேட்டுக்கிட்டே என்னைப் பார்த்துச்சு. நான் பையில மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கிட்டிருந்தேன்.

பாலைப் போய்ச் சொல்லுது, பாரேன். பாலைக் குடிச்சு வளராத பிள்ளை உண்டா? எண்ணெய் வழியிற முகத்துக்கு எண்ணெய் காரணமில்லையாம். இதுக்கு ஒரு படிப்பு.

கார்த்திகைக்குள்ள முகம் தெளிஞ்சாகணும். சாத்தூர்ல சேவுக்கடை வச்சிருக்கிற ராஜகனி மதினி ஆவணியில பெண் பார்க்க வந்தாங்க. ஒரே பையன், பிரேம்நாத், நல்ல மாதிரி. ஜாதகம் பொருந்திருச்சு. கிளம்புறப்போ என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், "முகம் கொஞ்சம் தெளியட்டும் மதினி. கார்த்திகையில வந்து பூ வச்சுருவோம். தெளியலைன்னா பிறகு பாத்துக்கிடலாம்"னு சொன்னாங்க. பிறகு பாத்துக்கிடலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

கோயம்புத்தூர்ல ஒரு நூல் மில்லு லேப்ல சிந்துவை வேலைக்குக் கூப்பிட்டாங்க. கல்யாணம் பேசுற நேரத்துல என்ன வேலைன்னு நான் போகவிடலை.

இன்னைலேர்ந்து அவளுக்கு எண்ணெய் கிடையாது. கடலை, தேங்காய், முட்டை, கருவாடு, கத்திரிக்காய், பொரிச்சது, வறுத்தது, சாக்லேட் எதுவும் கிடையாது.

அக்டோபர் 8, புதன்

காலை: இட்லி, தொட்டுக்க மோர். மதியம்: ரசம் சோறு, வேகவச்ச சுரைக்காய். ராத்திரி: இடியாப்பம். முகம்: அப்படியே.

இவருக்குக் கோபம். எண்ணெய் மில்காரன் வீட்டுப் பிள்ளை எண்ணெய் இல்லாம சாப்பிடுதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா என் எண்ணெயை எவன் வாங்குவான்னு டிவியைப் பார்த்துக்கிட்டே கேட்டார். இவர் எதைச் சொன்னாலும் டிவியைப் பார்த்துத்தான் சொல்வார். கல்யாணமான புதுசுல டிவி இல்லை, அப்போ ஜன்னல். எனக்குப் பழகிப்போச்சு.

அக்டோபர் 11, சனி

காலை: ரெண்டு தோசை, எண்ணெய் தடவாமச் சுட்டது. கல்லுல ஒட்டிக்கிட்டுப் பிய்ஞ்சு வந்துச்சு. அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. மதியம்: பருப்புத் தண்ணி, சோறு. ராத்திரி: கோதுமை ரவைக் கஞ்சி. முகம்: தாடையில புதுசா வந்திருக்கு.

எனக்கே பாவமாத்தான் இருக்கு. அதனால பால் விசயத்துல மட்டும் குறை வைக்கிறதில்லை. எந்திரிச்சதும் ஒரு டம்ளர், நாலு மணிக்கு ஒண்ணு, படுக்கப் போறப்போ ஒண்ணு. பனங்கற்கண்டு தாராளமாப் போட்டு, சத்துப் பவுடர் கலந்து, மேல ரெண்டு இழை குங்குமப்பூ. துபாயிலேர்ந்து என் தங்கச்சி குடுத்து விட்டது. ராஜகனி மதினி அன்னைக்கு சிந்து கையைப் பிடிச்சுப் பார்த்து, பிள்ளை குச்சியா இருக்காளேன்னாங்க. கொஞ்சம் சதையும் பிடிக்கணும், நிறமும் வரணும்ல.

இன்னைக்கு நாலு மணிப் பால் வேண்டாம்னு அடம் பிடிச்சா. எல்லாத்தையும் பிடுங்கிட்டு இதையாவது குடுக்கிறேனேன்னு நெனைக்கத் தோணலை. நின்னு குடிக்க வச்சுட்டுத்தான் வந்தேன்.

அக்டோபர் 15, புதன்

காலை: இட்லி. மதியம்: தயிர்சோறு. ராத்திரி: இட்லி. முகம்: கேட்காதீங்க.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலை: இட்லி. மதியம்: ரசம் சோறு. முகம்: நல்ல நாளும் அதுவுமா எழுத மனசில்லை.

எண்ணெய்ச் சட்டி வச்சு முறுக்கும் அதிரசமும் சுட்டேன். மில் ஆட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் குடுக்கணுமே. சாத்தூர்லேர்ந்து ஒரு டின் சேவும் மிட்டாயும் வந்துச்சு, மருமகளுக்குன்னு எழுதி. சேவும் மிட்டாயும் அனுப்புறதும் இவங்கதான், முகம் தெளியட்டும்னு சொல்றதும் இவங்கதான். வாய்விட்டுச் சொல்ல முடியுமா? டின்னைத் தூக்கிப் பரண்ல வச்சேன்.

பதினோரு மணிக்குப் பார்த்தா, சிந்து சரக்கு அறையில நின்னுக்கிட்டு வாய் நிறைய முறுக்கு. கையிலேர்ந்து தட்டிவிட்டேன். கொஞ்சம் வேகமாத் தட்டிட்டேன் போல, கண்ணாடி வளையல் உடைஞ்சுருச்சு. தீபாவளியன்னைக்கு வளையல் உடைஞ்சா எனக்கு எப்படி இருக்கும்? அவ குனிஞ்சு வளையல் துண்டைப் பொறுக்குனா. முறுக்கையும் பொறுக்கி ஊதித் தின்னா. என் கண்ணைப் பார்த்துக்கிட்டே தின்னா.

சாயங்காலம் பால்ல பாதாம் அரைச்சு ஊத்திக் குடுத்தேன், சமாதானத்துக்கு.

அக்டோபர் 27, திங்கள்

காலை: சாப்பிடலை. மதியம்: ரெண்டு வாய். ராத்திரி: இட்லி ஒண்ணு. முகம்: ரெண்டு கன்னமும் சிவந்து கிடக்கு, தொட்டா வலிக்குதாம்.

கண்ணாடி முன்னால நின்னு கிள்ளிக்கிட்டே இருக்கா. குளியலறைக் கண்ணாடியைக் கழட்டிட்டேன். அவ அறையில இருந்ததையும் எடுத்துட்டேன். குழி விழுந்துட்டா ஆயுசுக்கும் போகாதுன்னு சொன்னா புரியணுமே. தலைவாரக் கண்ணாடி வேணும்மான்னு வந்து நின்னா. நான் கண்ணாடி பார்க்காமத்தான் முப்பது வருசமா தலைவாருறேன், எனக்கு வகிடு கோணியா இருக்குன்னு சொன்னேன்.

எங்க கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டும்மா, நீயும் இப்படித்தான் இருந்தியான்னு கேட்டா. அது பரண்ல எங்கேயோ கிடக்கு. கரையான் தின்னுருக்கும்னு சொல்லிட்டேன். கரையான் தின்னிருந்தா நல்லதுதான்.

நவம்பர் 5, புதன்

டாக்டர்கிட்டப் போனோம். டைரியைக் கேட்டுச்சு. நல்லவேளை, சாப்பாட்டு வரியை மட்டும்தான் விரலால தேடிப் படிச்சுச்சு, மத்ததைப் படிக்கலை. என்னம்மா இது, பத்தியமான்னு கேட்டுச்சு. பிறகு, "பால் குடிக்கிறதே இல்லையா? இதுல ஒரு நாள்கூட இல்லையே"ன்னுச்சு.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள சிந்து சொல்லிட்டா. மூணு வேளை குடிக்கிறேன் டாக்டர், சர்க்கரை, சத்துப் பவுடரோட, எங்கம்மா அதை எழுத மாட்டாங்கன்னு. ஏதோ நான் மறைச்சு வச்ச மாதிரி. பால் என்ன சாப்பாடா? தண்ணி குடிக்கிறதைக்கூடத்தான் எழுதலை. அதை யாராவது எழுதுவாங்களா?

டாக்டர் சிந்துவை எடை போட்டுச்சு. மாசாமாசம் ஒழுங்கா வருதான்னு கேட்டுச்சு. போன மாசம் வரலைன்னு சிந்து சொன்னா. என்கிட்டச் சொல்லலை, அங்க சொல்றா. டாக்டர் பேனாவைக் கீழே வச்சுட்டு என்கிட்டப் பொறுமையாத்தான் பேசுச்சு. அந்தப் பொறுமைதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பாலையும் பவுடரையும் சர்க்கரையையும் கொஞ்ச வாரம் நிறுத்திப் பாருங்க, மத்த எல்லாத்தையும் வயிறு நிறையப் போடுங்க, கடலை, தேங்காய், முட்டை, காய், பயறு எதுவும் குத்தமில்லைன்னுச்சு. முதல் தடவை குடுத்த களிம்பை விடாம ராத்திரி தடவச் சொல்லுச்சு.

பஸ்ல வர்றப்போ சிந்து ஜன்னலோரம் உக்கார்ந்து சிரிச்சுக்கிட்டே வந்தா. என்னடி சிரிப்புன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைம்மான்னா. எவ்வளவு நாளாச்சு அவ சிரிச்சுன்னு நெனைச்சேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான்னு பிறகுதான் உறைச்சுச்சு.

நவம்பர் 7, வெள்ளி

அப்பனும் மகளும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க. எண்ணெய் பரோட்டா வாங்கிட்டு வந்து கூடத்துல உக்கார்ந்து தின்னாங்க. மைதாவும் கூடாதுன்னுதானேடி சொல்லுச்சுன்னு கேட்டேன். இன்னைக்கு ஒரு நாள்மான்னா. என் எண்ணெய்லதான்டா அந்தக் கடையில சுடுறான்னு இவருக்குப் பெருமை.

நவம்பர் 8, சனி

காலையில விடிஞ்சதும் போய் முகத்தைப் பார்த்தேன். புதுசா ஒண்ணும் வரலை. ரெண்டு நாள் போகட்டும், தெரியும்.

நவம்பர் 14, வெள்ளி

காலை: பொங்கல், தேங்காய்ச் சட்னி. மதியம்: மீன்குழம்பு சோறு, அவரைக்காய்ப் பொரியல். சாயங்காலம்: அவிச்ச கடலை. ராத்திரி: தோசை, நல்லெண்ணெய் விட்டு. முகம்: கொஞ்சம் அடங்கியிருக்கு.

களிம்பு வேலை செய்யுது. பிள்ளை பால் குடிச்சு ஒரு வாரத்துக்கு மேல ஆகுது. நாலு மணியானா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பால்காரர்கிட்ட வாங்குறதைக் குறைக்கவும் மனசில்லை. உறை ஊத்தி உறை ஊத்தித் தயிராக் கிடக்கு.

இன்னைக்கு ராஜகனி மதினி வீடியோவுல கூப்பிட்டாங்க. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பூ வைக்க வர்றாங்களாம். மருமகளைக் காட்டுங்கன்னாங்க. பார்த்துட்டு, முகம் தேவலை, ஆனா கன்னம் ஒட்டிப்போச்சே மதினி, எங்க பக்கத்து ஆளுக எல்லாம் வர்றாக, பிள்ளைக்குச் சீக்கான்னு கேட்பாகன்னாங்க.

தெளிஞ்சாலும் குத்தம், தேறலைன்னாலும் குத்தம். பெண்ணைப் பெத்தவ எந்தப் பக்கம் இழுக்க?

நவம்பர் 16, ஞாயிறு

கடைக்குப் போய்ட்டு வந்தேன். வாங்குனது: கேப்பை, பொட்டுக்கடலை, ஏலக்காய், பால் பவுடர் ஒரு டப்பா.

பவுடர் வேற, பால் வேற. அதுவும் கஞ்சியில ரெண்டு கரண்டி போட்டா என்ன ஆகிரும்? சும்மா கேப்பைக் கஞ்சியைக் குடிச்சா கன்னம் தேறுமா? டப்பா அடுப்படியில இருந்தா சிந்து ஏதாவது சொல்வான்னு அரிசி டிரம்முக்குள்ள வச்சிருக்கேன்.

சாயங்காலம் கஞ்சி வச்சுக் குடுத்தேன். ஒரு டம்ளர் குடிச்சுட்டு, "நல்லாருக்கும்மா, இன்னும் இருக்கா?"ன்னு கேட்டா. என் பிள்ளை என் சமையலை நல்லாருக்குன்னு சொல்லி எத்தனை நாளாச்சு. அடுப்படிக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

நவம்பர் 19, புதன்

காலை: கஞ்சி. மதியம்: கூட்டாஞ்சோறு. ராத்திரி: கஞ்சி. முகம்: பரவாயில்லை.

நவம்பர் 24, திங்கள்

முகம்: தாடை, கன்னம், நெத்தி, எல்லாம் மறுபடியும் கிளம்பிருச்சு. முன்னைக்கு இப்போ மோசம்.

சிந்து காலையிலேர்ந்து அழுகை. பாலைத்தான் தொடலையேம்மா, இனிப்புகூடச் சாப்பிடலையே, பிறகு எதுனால வருதுன்னு என்கிட்டத்தான் கேட்குறா. சாப்பிட்டதை எல்லாம் நெனைச்சு நெனைச்சுச் சொல்றா. கடலையா இருக்குமோ, மீனா இருக்குமோ, அன்னைக்குத் தின்ன பரோட்டாவோன்னு. நான் சொன்னப்போ கேட்டியாடின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

ராத்திரி அவளே எல்லாத்தையும் நிறுத்திட்டா. எண்ணெய் வேண்டாம், கடலை வேண்டாம், மீன் வேண்டாம். கஞ்சி மட்டும் போதும்மா, அது ஒண்ணுதான் எனக்கு ஒத்துக்குதுன்னா.

கஞ்சி வச்சுக் குடுத்தேன். அவ நம்பிக் கேட்குறப்போ இல்லைன்னு சொல்ல முடியுமா? பவுடரைக் குறைச்சுத்தான் போட்டேன். பூ வைக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இந்த நேரத்துல இளைச்சு நின்னா அதுக்கு ஒரு பேச்சு வரும். அது முடியட்டும், எல்லாத்தையும் நிறுத்திருவேன்.

நவம்பர் 27, வியாழன்

காலை: கஞ்சி. மதியம்: கஞ்சி. ராத்திரி: கஞ்சி. முகம்: எழுதலை.

அழகு நிலையத்துப் பெண்ணுக்குச் சொல்லியாச்சு. கவலைப்படாதீங்க அக்கா, எப்பேர்ப்பட்ட முகத்தையும் மூடி விட்டுருவேன்னுச்சு.

நவம்பர் 29, சனி

கோலமாவு இடிக்க அரிசி எடுக்குறேன்னு சிந்து டிரம்மைத் திறந்துட்டா. நான் கூடத்துல பூக்காரிகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். இல்லாட்டி நானே எடுத்துக் குடுத்திருப்பேன்.

டப்பாவைக் கொண்டாந்து சாப்பாட்டு மேசையில வச்சா. கத்துவான்னு பார்த்தேன், கத்தலை. கஞ்சியிலயான்னு மட்டும் கேட்டா. உன் நல்லதுக்குத்தான்டின்னேன். எவ்வளவு நாளான்னு கேட்டா. அவளே விரலை மடக்கி எண்ணிப் பார்த்தா. எதுனால வருதுன்னு உன்கிட்டத்தானேம்மா கேட்டேன்னா.

நான் பூக்காரிக்குக் காசு குடுக்கப் போய்ட்டேன். வீட்ல வேலை தலைக்கு மேல கிடக்கு. நாளைக்கு நாற்பது பேருக்குச் சமைக்கணும். அவ டப்பாவை மறுபடி டிரம்முக்குள்ள வைக்காம, அடுப்படி அலமாரியில முன்னால, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வச்சுட்டுப் போனா. நான் எடுத்து உள்ளே தள்ளிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

நேத்து எழுத முடியலை. ஆனா வேற யார்கிட்டச் சொல்ல? இந்தப் பக்கத்துக்குத்தான் வாய் இல்லை, வெளியில சொல்லாது.

எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு. சாத்தூர்க்காரங்க ரெண்டு வேன்ல வந்தாங்க. தட்டுத் தட்டாப் பழம், பூ, பட்டுச்சேலை, மிட்டாய். சிந்து பச்சைப் பட்டுல வந்து மணையில உக்கார்ந்தா. அழகு நிலையத்துப் பெண் பூசுன பூச்சுல பரு ஒண்ணும் தெரியலை. கிட்டப் போய்ப் பார்த்தா மேடு மேடாத் தெரியும்தான். தூரத்துலேர்ந்து பார்த்தா சிலை. ராஜகனி மதினி பூ வச்சாங்க, குங்குமம் வச்சாங்க. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

அவங்க வழக்கத்துல பூ வச்ச கையோட பெண்ணுக்குப் பால் பழம் குடுப்பாங்களாம். நம்ம பக்கம் கல்யாணம் முடிஞ்சு பெண் மாப்பிள்ளை வீட்டுக்குள்ள போனப்பிறகுதான். இது தெரிஞ்சிருந்தா நான் முன்னாடியே ஏதாவது சொல்லியிருப்பேன். வெள்ளி டம்ளர்ல பால், வாழைப்பழம், சர்க்கரை. ராஜகனி மதினி ஸ்பூன்ல எடுத்து அவ வாய்கிட்டக் கொண்டுபோனாங்க.

சிந்து வாயை மூடிக்கிட்டா. ஸ்பூனை மெதுவாக் கையால தள்ளுனா. கூடம் நிறைய ஆளுக, எல்லாரும் பார்க்குறாங்க. "எனக்குப் பால் ஒத்துக்காது அத்தை. முகத்துல பரு வருது. எங்கம்மாவுக்குத் தெரியும்"னா.

கூச்சப்பட்டுப் பேசுதுன்னு ராஜகனி மதினி சிரிச்சுக்கிட்டே, சாத்திரத்துக்கு ஒரு வாய்தான்மான்னு மறுபடியும் நீட்டுனாங்க. நான் ஓடிப்போய் அவ தோளை அமுக்கி, குடிடின்னேன். அவ என்னை அண்ணாந்து பார்த்தா. முந்தானையை எடுத்து ரெண்டு கன்னத்தையும் அழுத்தித் துடைச்சா. பட்டுச்சேலையில பூச்சு அப்படியே வந்துருச்சு. உள்ளே இருந்ததெல்லாம் வெளியில தெரிஞ்சுச்சு.

"இதுதான் என் முகம் அத்தை. இதை மூடிட்டு உங்க வீட்டுக்கு வர்றதுக்கு எனக்கு இஷ்டம் இல்லை. தப்பா நெனைக்காதீங்க"ன்னா.

அழலை. குரல் உயரலை. கடையில சாமான் கேட்குற மாதிரி சொன்னா. சாத்தூர்க்காரங்க சாப்பிடாமக் கிளம்பிட்டாங்க. நாற்பது பேர் சாப்பாட்டையும் மில் ஆட்களுக்கு அனுப்புனோம்.

டிசம்பர் 3, புதன்

சாத்தூருக்குப் போன் போட்டேன். ராஜகனி மதினியே எடுத்தாங்க. கோபமாப் பேசலை. "முகத்துப் பரு என்னைக்கா இருந்தாலும் போயிரும் மதினி. சபையில பால் பழத்தைத் தள்ளுன கை போகுமா? எம் பையனுக்கு வேற பார்த்துக்கிடுறோம்"னு வச்சுட்டாங்க.

ஊரே வந்து துக்கம் விசாரிக்குது. பக்கத்து வீட்டுக்காரி, பருவுக்குக் கத்தாழை நல்லதுன்னு ஒரு மடல் கொண்டுவந்து குடுத்துட்டுப் போறா. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுறதுன்னா இதுதான்.

டிசம்பர் 4, வியாழன்

சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் டிவியை அணைச்சார். இவர் டிவியை அணைச்சு நான் பார்த்ததில்லை. என் பக்கம் திரும்பி, "பிள்ளையை ஏன் இப்படிப் பண்ணுன? உன் முகத்தைப் பத்தி நான் என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"ன்னு கேட்டார்.

இல்லைன்னேன். சொன்னதில்லைதான். பார்த்தாத்தானே சொல்றதுக்கு. முதலிரவுக்கு விளக்கை அணைச்ச மனுசன், அதுக்குப் பிறகு என் முகத்துக்கு நேரா விளக்கைப் போட்டதே இல்லை. என் பிள்ளையையும் ஒருத்தன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே குடும்பம் நடத்துவான், அதை நான் பார்த்துக்கிட்டிருக்கணுமாக்கும். இதெல்லாம் இவர்கிட்டச் சொல்லலை. ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

சிந்து கோயம்புத்தூருக்குப் போய்ட்டா. லேப் வேலைக்கு அவளே போன் பண்ணிக் கேட்டிருக்கா, இன்னும் ஆள் எடுக்கலையாம், வரச் சொல்லிட்டாங்களாம். இவர் பஸ் ஏத்திவிடப் போனார். எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, கருவேப்பிலைப்பொடி எல்லாம் அரைச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்தேன். எதுலயும் எதையும் கலக்கலை. சத்தியமாக் கலக்கலை. வாங்கிக்கிட்டா.

போனப்பிறகு வாசல் கூட்டப் போனேன். செருப்பு வைக்கிற அலமாரி மேல பொட்டலம் எல்லாம் வரிசையா இருக்கு.

டிசம்பர் 19, வெள்ளி

பால்காரர்கிட்டப் பாலைக் குறைச்சுட்டேன். பாப்பா ஊருக்குப் போயிருச்சான்னு கேட்டார். ஆமான்னேன்.

ஜனவரி 3, சனி

மில்லுக்குப் புது டைரி வந்திருக்கு. எனக்கு வேண்டாம்னுட்டேன். பழசுல முன்பக்கம் எல்லாம் சும்மாதானே கிடக்கு. கிழமை மாறியிருக்கு, அடிச்சு எழுதிக்கிடுறேன்.

சிந்து அவ அப்பாகூட வீடியோவுல பேசுறா. நான் பின்னால நின்னு பார்த்தேன். ஆபீஸ்ல யாரோ எதுக்கோ சிரிச்சாங்கன்னு சொல்லி இவளும் சிரிக்கிறா. கன்னம் அடங்கிப்போச்சு. அங்கே என்னடி சாப்பிடுறன்னு இவர் கேட்டார். எல்லாம் சாப்பிடுறேன்ப்பா, ஹாஸ்டல் சாப்பாடுதான், எண்ணெய் நிறைய இருக்கும், பாலும் பாயசமும் மட்டும் வாங்கிக்கிறதில்லை, களிம்பும் போடுறேன்னா. அம்மாகிட்டக் குடுக்கவான்னார். நேரமாச்சுப்பா, ஊருக்கு வர்றப்போ பேசிக்கிறேன்னா.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

சிந்து வந்திருக்கா. நேத்து சாயங்காலம் வந்தா.

வாசல்ல வெயில்ல நின்னா. முதல்ல யாரோன்னு நெனைச்சேன். முகம் அப்படிச் சுத்தமா இருக்கு. அங்கங்க லேசா தழும்பு நிறம் இருக்கு, அதுவும் போயிரும். குழி விழலை. கடவுளே, குழி விழலை. கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கணும்னு கையை நீட்டினேன். அவ பையை என் கையில குடுத்தா.

நல்லாருக்கீங்களாம்மான்னு கேட்டா. நீங்கன்னு பேச எப்பப் படிச்சான்னு தெரியலை. போன வருசம் வரைக்கும் நீ, வா, போதான். அக்கம்பக்கத்துல எல்லாரும் பிள்ளைக்கு எவ்வளவு மரியாதைன்னு சொல்றாங்க.

விடிய எந்திரிச்சு எல்லாம் சமைச்சேன். பொங்கல் பானையில பால் பொங்குனப்போ அவளும் வந்து குலவை போட்டா. இலை போட்டு உக்கார வச்சேன். அவளுக்குன்னு பால் ஊத்தாம, வெல்லமும் தேங்காய்ப் பாலும் போட்டுச் சின்னப் பானையில தனியாப் பொங்கி வச்சிருந்தேன். அதைச் சொன்னேன். இலையில வச்சேன். இதுல என்ன போட்டிருக்கீங்கன்னு கேட்டா. சொன்னேன். சாம்பார்ல என்ன, அவியல்ல என்னன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. சொன்னேன். தயிர்கூட விடலைடின்னு சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டா. பிறகு, பசிக்கலைம்மான்னு இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டா.

தண்ணி கொண்டுபோய் நீட்டுனேன். வெறும் தண்ணி. இருக்கட்டும்மான்னு சொல்லிட்டு, வேற டம்ளர் எடுத்துக் கழுவி, குழாய்ல அவளே பிடிச்சுக் குடிச்சா.

மதியம் அப்பாகூட வெளியில போய்ச் சாப்பிட்டுட்டு வந்துட்டா. கூடத்துல உக்கார்ந்து இவர்கூடப் பேசிக்கிட்டிருக்கா. இவர் டிவியைப் பார்க்கலை, அவ முகத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்கார். நான் அடுப்படியில உக்கார்ந்து எழுதுறேன்.

காலை: சாப்பிடலை. மதியம்: வெளியில. ராத்திரி: இன்னைக்கே கிளம்புறா, பஸ்ல பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டா. முகம்: தெளிஞ்சிருச்சு.